முதலாம் தரத்துக்கு முந்திய ஐந்து வருடங்கள்: எமது பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?

இலங்கையில் கல்வி இலவசம் என்று சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்ந்திருக்கிறோம். 1940களில் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கொண்டுவந்த அந்த ஏற்பாட்டின் பயனை எமது பெற்றோரும் அனுபவித்தார்கள், நாங்களும் அனுபவித்தோம். ஆனால், அந்த இலவசக் கல்வி ஒரு பிள்ளை முதலாம் தரத்துக்குள் காலடி வைக்கும் நாளில்தான் தொடங்குகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கட்டாயக் கல்விக்கான வயது 5 இலிருந்து 14 வரை என்று 1997 இல் விதிக்கப்பட்டது. 2016 இல் அதன் மேலெல்லை 16 ஆக உயர்த்தப்பட்டது. கீழெல்லை இன்றும் 5 தான். பிறந்த நாளிலிருந்து ஐந்து வயது வரை ஒரு பிள்ளைக்குக் கற்றல் வாய்ப்பை வழங்கவேண்டிய சட்டக் கடப்பாடு அரசுக்கு இல்லை. கொள்கைகளும், கொடுப்பனவுகளும், சுற்றறிக்கைகளும் மட்டுமே இருக்கின்றன.

வடக்கிலும் கிழக்கிலும் சமூக விடயங்களை எழுதிவரும் ஒருத்தி என்ற வகையில் கடந்த சில வருடங்களில் பல முன்பள்ளிகளுக்குப் போயிருக்கிறேன். பெற்றோர் என்னிடம் அதிகம் கேட்ட கேள்விகள் மூன்று. இந்த முன்பள்ளி யாருக்குச் சொந்தம்? ரீச்சருக்குச் சம்பளம் கொடுப்பது யார்? பிள்ளைக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காவிட்டால் எந்தக் கந்தோருக்குப் போவது? இந்தக் கேள்விகளுக்கு இயன்றவரை பதில் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த வயது ஏன் முக்கியம்?

ஒரு பிள்ளையின் மூளை மிக வேகமாக வளர்வது முதல் ஐந்து, ஆறு வருடங்களில்தான். வளர்ந்தவரின் மூளை அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை அது அந்தக் காலத்திலேயே எட்டிவிடுகிறது. மொழி, ஞாபகம், கோபத்தை அடக்குதல், மற்றவரோடு பகிர்ந்து வாழுதல் ஆகியவற்றுக்கான அத்திவாரம் அப்போதுதான் போடப்படுகிறது. இதற்கு மூன்று விடயங்கள் வேண்டும். போதிய உணவு, பயமில்லாத சூழல், பிள்ளையோடு கதைத்து விளையாடுகின்ற ஒரு பெரியவர்.

மூன்றாவது விடயம் எவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தும் என்பதற்கு ஜமெய்க்காவில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். 1980களின் பிற்பகுதியில், கிங்ஸ்ரன் நகரின் வறிய பகுதிகளில், போசாக்கின்மையால் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகள் தெரிவுசெய்யப்பட்டார்கள். ஒரு பகுதியினருக்கு ஊட்ட உணவு மட்டும் வழங்கப்பட்டது. இன்னொரு பகுதியினரின் வீடுகளுக்குச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் சென்றார். வீட்டில் கிடைக்கும் பொருட்களாலேயே செய்த விளையாட்டுப் பொருட்களைக் கொண்டு பிள்ளையோடு எப்படி விளையாடுவது, எப்படிக் கதைப்பது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு வருடங்கள் இது நடந்தது. மூன்றாவது பகுதியினருக்கு இரண்டும் கிடைத்தன, நான்காவது பகுதியினருக்கு இரண்டுமில்லை. ஏறத்தாழ இருபது வருடங்களின் பின் அதே ஆட்களைத் தேடிப்பிடித்துப் பார்த்தபோது, வீட்டுக்குப் பணியாளர் வந்துபோன பிள்ளைகள் வளர்ந்து உழைக்கும் வருமானம், அவ்வாறு வராதவர்களின் வருமானத்தைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களிடம் அப்படியான நீண்டகால வித்தியாசம் தெரியவில்லை. உணவு தேவையில்லை என்பது இதன் அர்த்தமல்ல. உணவு மட்டும் போதாது என்பதே இதன் அர்த்தம்.

எமது நிலைமையை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் பத்து வயதில் இருந்த ஒருவருக்கு 2025 இல் இருபத்தாறு வயது. அவர் இப்போது ஒரு தாயாக அல்லது தகப்பனாக இருக்கக்கூடும். பதுங்குகுழியிலும் பின்னர் மெனிக் பாம் முகாமிலும் கழிந்த பிள்ளைப்பருவத்தைக் கொண்ட ஒருவர், தன் பிள்ளையோடு விளையாடுவது எப்படி என்பதை எங்கிருந்து கற்றுக்கொள்வார்? போரின் உளத்தாக்கம் தனியாளோடு நிற்பதில்லை, அது குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே பாதிக்கிறது என்று யாழ்ப்பாணத்தில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் பல வருடங்களாக எழுதிவந்திருக்கிறார். ஆகவே, முன்பிள்ளைப்பருவக் கொள்கை என்பது எங்களுக்கு வெறும் கல்விக் கொள்கை மட்டுமல்ல.

எண்ணிக்கையில் வராத பிள்ளைகள்

ஒரு அரசாங்கம் கொள்கை வகுப்பதற்கு முதலில் பிள்ளைகளை எண்ண வேண்டும். இலங்கையின் குடிசன, சுகாதார அளவீடுதான் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் போசாக்கு நிலையைச் சொல்லும் முக்கிய தேசிய ஆய்வு. 2000 ஆம் ஆண்டு அளவீட்டில் வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. 2006-07 அளவீட்டில் வடமாகாணம் சேர்க்கப்படவில்லை. நாட்டின் எல்லா மாவட்டங்களையும் உள்ளடக்கிய அளவீடு 2016 இல்தான் நடந்தது. அதாவது, போர்க்காலத்தில் பிறந்து வளர்ந்த வன்னிப் பிள்ளைகளின் உயரமும் நிறையும் தேசியப் புள்ளிவிபரத்தில் இல்லாமலேயே அவர்கள் ஐந்து வயதைத் தாண்டிப் போனார்கள்.

2016 அளவீட்டின்படி, நாட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 17 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 15 சதவீதமானோர் உயரத்துக்கேற்ற நிறை இல்லாதவர்கள். 20 சதவீதத்துக்குச் சற்று அதிகமானோர் வயதுக்கேற்ற நிறை இல்லாதவர்கள். மலையகத்தின் நுவரெலியா மாவட்டத்தில் உயரம் குன்றியோர் 32 சதவீதமளவில் இருந்தனர். இவை 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய எண்கள். அந்த வருடம் செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. அப்போது பால்மாவும் முட்டையும் நிறுத்தப்பட்ட வீடுகளில் இருந்த கைக்குழந்தைகள்தான் இப்போது முன்பள்ளிகளுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள்.

பொறுப்பு எங்கெல்லாம் சிதறிக் கிடக்கிறது?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை ஒன்றுக்கு இலங்கையில் ஒரே பொறுப்பாளர் இல்லை.

கர்ப்பகாலத்திலிருந்து சுகாதார அமைச்சு பொறுப்பு. அதன் குடும்ப சுகாதாரப் பணியகம் திட்டங்களை வகுக்கிறது. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையும் குடும்பநல உத்தியோகத்தரும் ஊரில் அதை நடைமுறைப்படுத்துகிறார்கள். முன்பிள்ளைப்பருவ அபிவிருத்திக்கான தேசியக் கொள்கையையும் உணவுக் கொடுப்பனவையும் சிறுவர் விவகாரங்களுக்குப் பொறுப்பான அமைச்சின் கீழ் உள்ள சிறுவர் செயலகம் பார்க்கிறது. அதன் சார்பில் பிரதேச செயலகங்களில் முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். முன்பள்ளிகளின் முகாமைத்துவத்தை மேற்பார்வை செய்யும் அதிகாரம் 13 ஆவது திருத்தத்தின்படி மாகாண சபைக்குரியது. கிழக்கில் அதற்கெனத் தனியாக முன்பள்ளிக் கல்விப் பணியகம் இயங்குகிறது. வடக்கில் மாகாணக் கல்வித் துறையும் வலயக் கல்வி அலுவலகங்களும் அந்த வேலையைச் செய்கின்றன. இவற்றுக்கு மேலதிகமாகப் பிரதேச சபைகள், கோவில்கள், தேவாலயங்கள், பள்ளிவாசல்கள், சனசமூக நிலையங்கள், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், தனியார் என்று பலரும் முன்பள்ளிகளை நடத்துகிறார்கள்.

2016 இல் நாடளாவிய ரீதியில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 19,000க்கும் மேற்பட்ட முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி நிலையங்கள் இருந்தன. பெரும்பாலானவை அரசு நடத்துபவை அல்ல.

கொள்கை ஆவணங்களுக்குக் குறைவில்லை. முன்பிள்ளைப்பருவப் பராமரிப்புக்கும் அபிவிருத்திக்குமான முதலாவது தேசியக் கொள்கை 2004 இல் வந்தது. அப்போது சமாதான உடன்படிக்கை நடைமுறையில் இருந்தது, வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த வருட இறுதியில் சுனாமி வந்தது. 2006 இல் மீண்டும் போர் மூண்டது. அந்தக் கொள்கை எமது ஊர்களுக்கு வந்துசேர வழியே இருக்கவில்லை. பின்னர் அது திருத்தி எழுதப்பட்டது. 2015 இல் உலக வங்கி 5 கோடி அமெரிக்க டொலர் கடனுதவியோடு நாடளாவிய முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தித் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. கட்டடத் திருத்தங்கள், கற்றல் உபகரணங்கள், ஆசிரியர் பயிற்சிகள், வறிய பெற்றோருக்கான கட்டண உதவி என்பன அதன் கீழ் வந்தன.

இந்தத் திட்டங்களால் பயன் இல்லை என்று சொல்ல மாட்டேன். நிறம் பூசிய சுவரும், ஊஞ்சலும், மலசலகூடமும் வந்த இடங்களைக் கண்டிருக்கிறேன். திட்டம் முடிந்த பிறகு ஊஞ்சலின் சங்கிலி அறுந்தால் மாற்றுவது யார் என்ற கேள்விக்குத்தான் பல இடங்களில் பதில் இல்லை.

பிறப்பு முதல் மூன்று வயது வரை

இந்தக் கட்டத்தில் இலங்கையின் ஏற்பாடு தெற்காசியாவிலேயே வலுவானது. கர்ப்பிணி பதிவுசெய்யப்படுகிறார். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்கு வருகிறார். பிள்ளை பிறந்ததும் ஒரு வளர்ச்சிப் பதிவேடு கொடுக்கப்படுகிறது. தடுப்பூசியும் நிறை, உயரமும் அதில் குறிக்கப்படுகின்றன. போர் உக்கிரமாக இருந்த காலத்திலும் தாதியர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் இடம்பெயர்ந்த மக்களோடு சேர்ந்து இடம்பெயர்ந்து இந்த வேலையைச் செய்ததை எமது மக்கள் மறக்கவில்லை.

அந்தப் பதிவேட்டைப் பல தாய்மார் தடுப்பூசி அட்டையாக மட்டுமே பார்க்கிறார்கள். அதில் வளர்ச்சிப் படிகளும் இருக்கின்றன. எந்த மாதத்தில் பிள்ளை சிரிக்க வேண்டும், இருக்க வேண்டும், சொற்களைச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் தமிழிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன. பிள்ளை பிந்திக் கதைத்தால் 'தகப்பனும் பிந்தித்தான் கதைச்சவர்' என்று ஆறுதல் சொல்லிக் காலம் கடத்தாமல், அந்தப் பக்கத்தைக் காட்டிக் கிளினிக்கில் கேட்கலாம். கேட்டல் குறைபாடு, ஓட்டிசம் போன்றவற்றை எவ்வளவு முந்தி அறிகிறோமோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு உதவலாம்.

உணவுப் பக்கத்தில் திரிபோஷா இருக்கிறது. 1973 இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் கீழ் சோளம், சோயா கலந்த மா கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மாருக்கும், நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக் மூலம் இலவசமாக வழங்கப்படுகிறது. 2022 நெருக்கடியின்போது சோளத் தட்டுப்பாட்டாலும், சோளத்தில் அஃப்ளாடொக்சின் நச்சு கூடியிருந்த பிரச்சினையாலும் குறிப்பாகச் சிறு பிள்ளைகளுக்கான விநியோகம் தடைப்பட்டது. ஒரேயொரு தொழிற்சாலையில் தங்கியிருக்கும் திட்டத்தின் பலவீனம் அப்போது தெரிந்தது. வன்னியில் சோளமும் பயறும் கௌப்பியும் கச்சானும் விளைகின்றன. உள்ளூரில் மா அரைத்துக் கொடுக்கும் ஏற்பாட்டை மாகாண மட்டத்தில் யோசிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

குறையாக இருப்பது ஜமெய்க்கா ஆய்வு காட்டிய அந்த மூன்றாவது விடயம். குடும்பநல உத்தியோகத்தரின் வேலைப்பட்டியல் ஏற்கனவே நிரம்பி வழிகிறது. நிறை நிறுத்து, ஊசியை எழுதி, அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவரிடம் தாயோடு இருந்து விளையாடிக் காட்ட நேரம் எங்கே இருக்கும்?

மூன்று முதல் ஐந்து வயது வரை

முன்பள்ளிக்கு வருவோம். ஒரு கிராமத்து முன்பள்ளியின் வரவு செலவு மிகவும் எளிமையானது. பெற்றோர் மாதம் கட்டும் சிறு தொகை, மாகாணம் வழங்கும் கொடுப்பனவு, மத்திய அரசின் சிறு கொடுப்பனவு, எப்போதாவது புலம்பெயர் உறவுகளோ ஊர்ச் சங்கமோ கொடுக்கும் உதவி. ஆசிரியைக்குக் கிடைப்பது சம்பளம் அல்ல, கொடுப்பனவு. இந்தச் சொல்லில்தான் விடயம் இருக்கிறது. சம்பளமென்றால் ஓய்வூதியம், லீவு, சேமலாப நிதி, பதவி உயர்வு எல்லாம் பின்னால் வரும். கொடுப்பனவுக்குப் பின்னால் ஒன்றும் வராது.

2025 வரவு செலவுத் திட்டத்தில் முன்பள்ளி ஆசிரியர்களின் மாதாந்தக் கொடுப்பனவை 1,000 ரூபாவால் கூட்டுவதாக அறிவிக்கப்பட்டது. அதிகரிப்பு வரவேற்கத்தக்கது. ஆனால், பல ஆசிரியைகள் தூர இடங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறார்கள். அவர்களுடைய போக்குவரத்துச் செலவுக்கே அந்த 1,000 ரூபா போதாது. பத்து, பதினைந்து வருடங்களாக ஒரே முன்பள்ளியில் படிப்பிக்கின்ற பெண்கள் இருக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தின் முன்பள்ளிக் கற்கைநெறியைச் சொந்தக் காசில் முடித்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் குடும்பத்தின் ஒரே உழைப்பாளிகள். பின்னேரத்தில் தையலோ ரியூசனோ செய்துதான் வீட்டை ஓட்டுகிறார்கள்.

குறைந்த கொடுப்பனவின் விலையைப் பிள்ளைகள்தான் கட்டுகிறார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியை ஆடைத் தொழிற்சாலைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார். அவருடைய இடத்துக்குப் பயிற்சி இல்லாத ஒருவர் வருகிறார். பிள்ளைக்கு ஒரு வருடத்துக்குள் இரண்டு மூன்று முகங்கள் மாறுகின்றன. இழப்பையும் பிரிவையும் கண்ட வீடுகளிலிருந்து வருகின்ற பிள்ளைகளுக்கு மாறாத ஒரு முகம் எவ்வளவு தேவை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விடயத்தையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். முன்பள்ளி என்பது முதலாம் தரத்தை முந்திப் படிப்பிக்கும் இடம் அல்ல. கொப்பி நிறைய எழுதவைக்கும் முன்பள்ளியே நல்லது என்ற எண்ணம் எங்கள் மத்தியில் ஆழமாக இருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளையின் விரல்கள் பென்சிலைப் பிடித்து வரிவரியாக எழுதுவதற்கு இன்னும் தயாராகவில்லை. மண்ணில் விளையாடுவது, கதை கேட்பது, பாட்டுப் பாடுவது, வரிசையில் நிற்பது, தன் முறைக்காகக் காத்திருப்பது எல்லாமே அந்த வயதின் படிப்புத்தான். கல்வி அமைச்சராகவும் உள்ள பிரதமர் ஹரிணி அமரசூரிய 2025 இல் முன்வைத்த கல்விச் சீர்திருத்தம் முதலாம், ஆறாம் தரங்களிலிருந்து தொடங்குவதாகத் திட்டமிடப்பட்டது. முதலாம் தரம் மாறினால் அதற்குப் பிள்ளையைத் தயார்படுத்தும் முன்பள்ளியும் சேர்ந்து மாற வேண்டும். அந்த மாற்றத்துக்கான பயிற்சி தமிழ் மொழியில், கிராமத்து ஆசிரியைக்கு நேரத்தோடு வந்துசேருமா என்பதை நாங்கள் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் முன்பள்ளிகள்

வன்னியைப் பற்றி எழுதும்போது இதைத் தவிர்க்க முடியாது. ஊர்காவல் படையிலிருந்து 2006 இல் உருவாக்கப்பட்ட சிவில் பாதுகாப்புத் திணைக்களம் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவது. போர் முடிந்த பின் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் அது பண்ணைகளில் ஆட்களைச் சேர்த்ததோடு முன்பள்ளி ஆசிரியைகளையும் தன் சம்பளப்பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடையாளம் கொள்கை ஆய்வு நிலையம் 2017 இல் வெளியிட்ட அறிக்கை இந்தத் திணைக்களம் வன்னியில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது என்பதை விரிவாகப் பதிவுசெய்தது. அந்தக் காலத்தில் மாகாணத்தின் கீழ் இருந்த ஆசிரியைக்குக் கிடைத்தது ஏறத்தாழ 6,000 ரூபா. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் இருந்தவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 30,000 ரூபா.

முன்பள்ளி என்பது பாதுகாப்பு அமைச்சின் வேலை அல்ல. மூன்று வயதுப் பிள்ளை தன் ஊரில் காணும் முதலாவது பொது நிறுவனம் இராணுவ நிர்வாகத்தின் நிழலில் இருக்கக்கூடாது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிலிருந்து வருகின்ற பிள்ளைகளைப் பொறுத்தவரை இது கொள்கை விவாதம் அல்ல, வீட்டுப் பிரச்சினை. அது மட்டுமல்லாமல், முன்பள்ளி மேற்பார்வை மாகாணத்துக்குரியது என்ற அரசியலமைப்பு ஏற்பாட்டையும் இது ஓரங்கட்டுகிறது.

அதேவேளை, அந்தச் சம்பளத்தை ஏற்றுக்கொண்ட பெண்களைத் துரோகிகளாகப் பார்க்கும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. அவர்களில் போரில் கணவரை இழந்தவர்களும், முன்னாள் போராளிகளும் இருக்கிறார்கள். நுண்கடனுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் நடுவில் நிற்கும் ஒருவருக்கு 6,000 ரூபாவா 30,000 ரூபாவா என்று கேட்டுவிட்டு, அவர் எடுத்த முடிவுக்காக அவரைக் குற்றம் சொல்வது நியாயமல்ல. 'அந்த முன்பள்ளிகளை மாகாணக் கல்வித் துறையிடம் கையளியுங்கள்' என்ற கோரிக்கையை மட்டும் வைத்தால், அந்தப் பெண்கள் அதைத் தமது சாப்பாட்டில் கைவைக்கும் கோரிக்கையாகத்தான் பார்ப்பார்கள். 'அதே சம்பளத்தோடு கையளியுங்கள், மற்ற ஆசிரியைகளையும் அந்த அளவுக்கு உயர்த்துங்கள்' என்பதுதான் முழுமையான கோரிக்கை. ஒரு முன்பள்ளி ஆசிரியைக்கு இந்த அளவு சம்பளம் கொடுக்க அரசிடம் பணம் இல்லை என்ற வாதத்தைச் சிவில் பாதுகாப்புத் திணைக்களமே பொய்யாக்கியிருக்கிறது. பணம் இருந்தது. அது எந்த அமைச்சின் ஊடாக வந்தது என்பதே பிரச்சினை.

பசியோடு வரும் பிள்ளை

முன்பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு வழங்கும் திட்டத்துக்கு ஒரு பிள்ளைக்கு ஒதுக்கப்பட்ட தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 60 ரூபாவிலிருந்து 100 ரூபாவாக உயர்த்தப்பட்டது. பச்சைப்பயறு, கௌப்பி, இலைக்கஞ்சி, சோறும் முட்டையும் என்று ஒரு பட்டியல் இருக்கும். சமைப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஊர்த் தாய்மார். சமைத்த பின்னரே காசு வருவதால், கடையில் கடன் சொல்லி வாங்கிச் சமைக்கவேண்டி வருகிறது. கொடுப்பனவு பிந்தினால் முதலில் முட்டை பட்டியலிலிருந்து காணாமல் போகும். தொகையை உயர்த்துவது போலவே நேரத்துக்குக் கொடுப்பதும் முக்கியம். இது புதிய நிதி தேவையில்லாத சீர்திருத்தம்.

மற்றைய முக்கிய உதவி அஸ்வெசும. 2023 ஜூலையிலிருந்து சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு வந்த இந்தத் திட்டத்தில், 2025 ஜனவரியிலிருந்து வறிய குடும்பத்துக்கு 10,000 ரூபாவும் மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபாவும் மாதாந்தம் வழங்கப்படுகிறது. முதியோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், சிறுநீரக நோயாளர்களுக்கும் தனிக் கொடுப்பனவுகள் இருக்கின்றன. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கென்று அப்படித் தனிக் கொடுப்பனவு இல்லை. பல நாடுகளில் சிறு பிள்ளை உள்ள ஒவ்வொரு தாய்க்கும் ஒரு தொகை நேரடியாகக் கிடைக்கிறது. பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் அதிகமாக உள்ள மாவட்டங்களிலிருந்து இந்தக் கோரிக்கை எழ வேண்டும்.

மலையகத்திலிருந்து ஒரு பாடம்

தோட்டங்களில் தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுச்செல்லும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்பார்கள். ஒரு காலத்தில் அது தொட்டில் சேலைகள் வரிசையாகத் தொங்கும் இருண்ட அறை. பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் ஊடாகப் பல இடங்களில் அவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றப்பட்டன. 2015 உலக வங்கித் திட்டத்திலும் தோட்டப்புறத்துக்கென ஒரு பகுதி இருந்தது. குறைகள் நிறைய உண்டு, நுவரெலியாவின் எண்கள் அதைச் சொல்கின்றன. ஆனாலும், வேலைக்குப் போகும் தாயின் பிள்ளையைப் பகலில் பார்ப்பது வேலை கொடுப்பவரின் பொறுப்பும்தான் என்ற எண்ணம் அங்கே ஒரு நூற்றாண்டு காலமாக இருக்கிறது.

1977 வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று வன்னியின் ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்கிறார்கள். விடியற்காலையில் பஸ் ஏறி மாலையில் திரும்பும் அந்தத் தாய்மாரின் பிள்ளைகள் அம்மம்மாக்களிடம் வளர்கிறார்கள். முன்பள்ளி மதியத்துக்கு முன் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு? முழுநாள் பகல் பராமரிப்பு நிலையம் இல்லாத முன்பிள்ளைப்பருவக் கொள்கை உழைக்கும் தாய்க்குப் பாதிக் கொள்கைதான்.

நாங்கள் என்ன கேட்கலாம்?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் சாதாரணப் பெற்றோர் பயன்படுத்தக்கூடியது. ஒரு வெள்ளைத் தாளில் தமிழில் எழுதிப் பிரதேச செயலகத்திலோ வலயக் கல்வி அலுவலகத்திலோ தகவல் அலுவலரிடம் கொடுக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. கேட்கக்கூடிய சில கேள்விகள் இவை:

- எங்கள் கிராமத்து முன்பள்ளி பதிவுசெய்யப்பட்டதா? கடைசியாக எப்போது மேற்பார்வை செய்யப்பட்டது?
- காலை உணவுத் திட்டத்தில் எமது முன்பள்ளி சேர்க்கப்பட்டிருக்கிறதா? இந்த வருடம் எந்தெந்த மாதங்களுக்குப் பணம் விடுவிக்கப்பட்டது?
- எமது பிரதேசத்தில் கொடுப்பனவு பெறும் முன்பள்ளி ஆசிரியர்கள் எத்தனை பேர்? பெறாதவர்கள் எத்தனை பேர்? என்ன காரணம்?
- குடும்பநல உத்தியோகத்தர் வெற்றிடங்கள் எத்தனை? (இதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்க வேண்டும்.)

இந்தப் பதில்களோடு ஊரில் ஒரு கூட்டம் வைத்தாலே பாதி வேலை நகரும். சனசமூக நிலையமும் மாதர் சங்கமும் செய்யக்கூடிய வேலை இது. உதவ விரும்பும் புலம்பெயர் உறவுகளும் கட்டடத்துக்கு மட்டும் காசு அனுப்பாமல், ஆசிரியைகளின் பயிற்சிக்கும் தமிழ்ப் படக்கதைப் புத்தகங்களுக்கும் அனுப்புவதைப் பற்றி யோசிக்கலாம். பெயர்ப்பலகை வைக்க இடம் இருக்காது, ஆனால் பயன் அங்கேதான் அதிகம்.

அரசியல் மட்டத்திலும் ஒரு கேள்வி இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இலும் வடக்கு மாகாண சபையின் காலம் 2018 இலும் முடிந்தன. 2025 வரையில் தேர்தல் நடக்கவில்லை. முன்பள்ளிகளுக்கு அரசியலமைப்பின்படி பொறுப்பான சபையே இல்லாத நிலையில், ஆளுநரின் செயலகத்தாலும் கொழும்பு அமைச்சுகளாலும் முடிவுகள் எடுக்கப்படுகின்றன. மாகாண சபைத் தேர்தல் பற்றிப் பேசும்போது எமது கட்சிகள் காணி, பொலிஸ் அதிகாரங்களைப் பற்றிப் பேசுகின்றன. பேசவும் வேண்டும். முன்பள்ளி மேற்பார்வை அதிகாரம் விவாதமே இல்லாமல் ஏற்கனவே மாகாணத்திடம் தரப்பட்ட ஒன்று. அதை வைத்து என்ன செய்வீர்கள், ஆசிரியைகளின் கொடுப்பனவைச் சம்பளமாக மாற்ற உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது என்று அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் கேளுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.